கறிவேப்பிலை அழகி: மூன்று உருவமும் ஒரே இனமா?

அக்டோபர் 19 – காரைக்குடி வாசகர் கேட்டது

"எங்கள் வீட்டுக் கறிவேப்பிலை மரத்துக்கு மூன்று வகைக் கறுப்புப் பட்டாம்பூச்சிகள் வருகின்றன. ஒன்றுக்குப் பின்னிறக்கையில் குறுக்கே வெள்ளைப் பட்டை. இன்னொன்றுக்கு நடுவில் வெள்ளைத் திட்டு, ஓரத்தில் சிவப்பு. மூன்றாவதுக்குப் பின்னிறக்கையில் வெள்ளையே கிடையாது, சிவப்புப் புள்ளிகள் மட்டும். கையேட்டில் மூன்றையும் ஒரே இனம் என்று போட்டிருக்கிறார்கள். புலிக்கும் சிறுத்தைக்கும்கூட இதைவிட ஒற்றுமை அதிகம். கண்ணை நம்புவதா, புத்தகத்தை நம்புவதா?"

அக்டோபர் 19, இரவு

புத்தகத்தை நம்புங்கள். மூன்றும் கறிவேப்பிலை அழகிதான், அறிவியல் பெயர் பாப்பிலியோ பாலிடெஸ். நீங்கள் பார்த்தது நான்காகக்கூட இருக்கலாம். வெள்ளைப் பட்டை போட்டதில் ஆணும் உண்டு, ஆணைப் போலவே இருக்கும் பெண்ணும் உண்டு. ஆணுக்கு ஒரே உருவம். பெண்ணுக்குத்தான் மூன்று.

ஆணைப் போன்ற பெண்ணுக்கு சைரஸ் என்று பெயர். வெள்ளைத் திட்டும் சிவப்பு ஓரமும் ஸ்டிக்கியஸ். சிவப்புப் புள்ளி மட்டும் உள்ளது ரோமுலஸ். அதன் முன்னிறக்கையில் மங்கலான வெள்ளைப் பட்டைகள் இருக்கும், பார்த்தீர்களா?

அக்டோபர் 20

காலையில் மறுபடி படித்தேன். கண்ணை நம்பாதே என்று சொன்ன மாதிரி ஆகிவிட்டது. நான் சொல்லவந்தது வேறு. இறக்கையை மட்டும் பார்த்தால் யாருக்கும் மூன்று இனமாகத்தான் தெரியும். எது எதோடு சேருகிறது, யார் வைத்த முட்டையிலிருந்து யார் வருகிறார்கள் என்று பார்த்தால் ஒன்றாகிவிடும். இரண்டும் கண்ணால் பார்ப்பதுதான்.

எங்கள் மொட்டை மாடித் தொட்டியில் ஒரு கறிவேப்பிலை நிற்கிறது. ஒருமுறை ஸ்டிக்கியஸ் பெண் ஒன்று அதைச் சுற்றிச் சுற்றி வந்தது. உட்கார்ந்ததும் முன்னங்கால்களால் இலையைப் படபடவென்று தட்டும். அது ருசி பார்க்கிறது. காலில்தான் அதற்கு நாக்கு. இலை சரி என்றால் வயிற்றை வளைத்து, இளந்தளிரில் ஒரே ஒரு முட்டை, வெளிர்மஞ்சளில், கடுகைவிடச் சின்னதாக. அப்புறம் அடுத்த கிளை. அந்தக் கிளைகளுக்குக் கொசுவலை கட்டிவிட்டேன். அந்த முட்டைகளிலிருந்து வளர்ந்து வந்த பெண்களில் ஸ்டிக்கியஸும் இருந்தது, சைரஸும் இருந்தது. ஒரு தாய், ஒரு செடி, அக்கா ஒரு உருவம், தங்கை இன்னொரு உருவம்.

இதை ஒழுங்காகச் செய்தவர் ஃபிரையர் என்ற ஆங்கிலேயர். இலங்கையில் இந்தப் பூச்சியைத் தலைமுறை தலைமுறையாக வளர்த்து, எந்தத் தாய்க்கு எந்த மகள் என்று வம்சாவளி எழுதி 1913இல் வெளியிட்டார். மாடித் தொட்டிக்காரர்களுக்கு அவர்தான் முன்னோடி.

அக்டோபர் 22

காரைக்குடித் தம்பிக்கு ஒரு ஆறுதல். நீங்கள் சொன்னதையே 1758இல் சுவீடன் நாட்டு இயற்கையாளர் லின்னேயஸும் சொன்னார். விலங்குகளுக்கு இரட்டைப் பெயர் வைக்கும் முறை தொடங்கிய அதே நூலில் இந்த ஒரு பூச்சிக்கு அவர் இரண்டு பெயர் வைத்தார். ஆணுக்கு பாம்மோன், சிவப்புப் போட்ட பெண்ணுக்கு பாலிடெஸ். அவர் ஆசியாவுக்கு வந்ததே இல்லை. மேசையில் ஊசி குத்திய உலர்ந்த மாதிரிகள் இருந்தன, அவ்வளவுதான். செத்த பூச்சியை வைத்துக்கொண்டு எது எதோடு கூடும் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பிறகு ஆம்ஸ்டர்டாமில் கம்பளி வியாபாரம் செய்துகொண்டே பட்டாம்பூச்சி சேர்த்த கிராமர், 1775இல் மூன்றாவது உருவத்துக்கு ரோமுலஸ் என்று இன்னொரு பெயர் வைத்தார். ஒரே பூச்சிக்கு மூன்று இனப்பெயர் ஆயிற்று.

முடிச்சை அவிழ்த்ததில் பெரிய பங்கு வாலஸ் என்ற இயற்கையாளருக்கு. 1854 முதல் 1862 வரை மலாய்த் தீவுகளில் அலைந்தவர். அழகிக் குடும்பத்தைப் பற்றி 1865இல் வந்த அவருடைய கட்டுரையில், ஒரு இனத்துக்குள்ளேயே பெண்கள் பல உருவத்தில் இருக்க முடியும், அதில் சில வேறு பூச்சிகளைப் பார்த்துப் போட்ட வேஷம் என்று எழுதினார். பேட்ஸ் என்ற இன்னொரு இயற்கையாளர் அமேசான் பூச்சிகளை வைத்து வேஷப் போலியைப் பற்றி, அதாவது பறவை தின்னாத பூச்சியின் உருவத்தை வேறொரு பூச்சி போட்டுக்கொள்வதைப் பற்றி, எழுதியது 1862இல். அதாவது அந்த யோசனை வந்த சூட்டோடு நம் ஆள் அதற்கு உதாரணமாகிவிட்டது.

அக்டோபர் 22, சற்று நேரம் கழித்து

பாம்மோன், பாலிடெஸ் இரண்டும் ஒரே ஆண்டில், ஒரே நூலில் வந்தவை. அப்படியிருக்க எது முதல் என்று ஒருவர் கேட்டிருக்கிறார். நல்ல கேள்வி. விலங்குப் பெயரிடல் விதிப்படி ஒரே நேரத்தில் வெளியான பெயர்கள் ஒரே இனத்தைக் குறித்தால், முதலில் அவற்றை ஒன்றுசேர்த்து ஒன்றைத் தேர்ந்தெடுத்தவர் சொன்னது செல்லும். பக்க எண்ணில் எது முன்னால் வருகிறது என்பதை வைத்து முடிவு செய்வதில்லை. பாலிடெஸ் நின்றது, பாம்மோன் போயிற்று. 19ஆம் நூற்றாண்டுப் புத்தகங்களைப் புரட்டினால் பாம்மோன்தான் கண்ணில் படும். புதிய பூச்சி என்று நினைத்துவிடாதீர்கள்.

அக்டோபர் 25

கோவை அக்கா சொல்வது: "ஸ்டிக்கியஸும் ரோஜா அழகியும் அச்சு அசலாக ஒன்று. அப்படியென்றால் அவை இரண்டையும் ஒரே பேரினத்தில் வைத்துவிட்டு, ஆண் அழகியைத் தனியாக வைக்கலாமே."

ஸ்டிக்கியஸ் வேஷம் போடுவதே நஞ்சுள்ள ரோஜா அழகியைப் பார்த்துத்தான். உடம்பைப் பாருங்கள் அக்கா. இறக்கையை மறந்துவிடுங்கள். ரோஜா அழகிக்குத் தலையிலும் வயிற்றிலும் சிவப்பு. ரோமுலஸ் பார்த்துக் காப்பியடிக்கும் சிவப்புடல் அழகிக்கு இன்னும் பளிச்சென்ற சிவப்பு. நம் கறிவேப்பிலை அழகி எந்த வேஷம் போட்டாலும் உடம்பு கறுப்பு. வேஷத்தில் அதுமட்டும் விட்டுப்போய்விட்டது. பறக்கும்போது பறவைக்கு உடம்பு அவ்வளவாகத் தெரியாது போலிருக்கிறது, அல்லது அந்த அளவு போதும் போலிருக்கிறது.

புழுவைப் பார்த்தால் சந்தேகமே வராது. ரோஜா அழகி, சிவப்புடல் அழகி இரண்டின் புழுவும் கரும்பழுப்பு, உடம்பெல்லாம் சதைப்பற்றான சிவப்புக் கொம்புகள். தின்பது ஈஸ்வரமூலி, ஆடுதீண்டாப்பாளை. அந்தக் கொடிகளின் நஞ்சு புழுவின் உடம்பில் சேர்ந்து பட்டாம்பூச்சி ஆன பிறகும் இருக்கும். ஒருமுறை கடித்த பறவை மறுமுறை தொடாது. கறிவேப்பிலை அழகியின் புழுவோ வழவழப்பு, கொம்பு கிடையாது. தின்பது கறிவேப்பிலை, எலுமிச்சை, நாரத்தை, வில்வம். நஞ்சு ஒன்றும் இல்லை. பறவைக்கு நல்ல சாப்பாடு.

வகைப்பாட்டில் இரண்டும் பாப்பிலியோனிடே குடும்பம், பாப்பிலியோனினே துணைக்குடும்பம் வரை சேர்ந்து வருகின்றன. அதற்குக் கீழே பிரிந்துவிடுகின்றன. ரோஜாக்கள் டிராய்டினி பிரிவில், பாக்கிலியோப்டா பேரினத்தில். நம்முடையது பாப்பிலியோனினி பிரிவில், பாப்பிலியோ பேரினத்தில். எலுமிச்சை அழகி, நீல அழகி எல்லாம் இதற்குப் பங்காளிகள். ரோஜா தூரத்துச் சொந்தம்.

அக்டோபர் 25, இரவு

சிவப்புடல் அழகிக்கு லின்னேயஸ் வைத்த பெயர் ஹெக்டர். கிரேக்கக் கதையில் வரும் டிராய் மன்னன் பிரியாமின் பிள்ளைகளில் மூத்தவன். பாலிடெஸ், பாம்மோன் இரண்டும் அதே பிரியாமின் பிள்ளைகள் பெயர். கடைசியில் தம்பி அண்ணன் வேஷம் போட்டு நடமாடுகிறான். லின்னேயஸுக்கு இது தெரிந்திருக்க வழியில்லை.

அக்டோபர் 28

"பின்னிறக்கையில் வால் இருந்தால்தானே இந்தக் குடும்பம்?" இல்லை. எலுமிச்சை அழகிக்கு வால் கிடையாது. நீல அழகிக்கும் கிடையாது. வாலை வைத்துக் குடும்பம் பிரித்தால் பாதிப்பேரை வெளியே அனுப்ப வேண்டியிருக்கும்.

குடும்பத்தைச் சேர்த்துக்கட்டும் அடையாளம் புழுவிடம் இருக்கிறது. தலைக்குப் பின்னால் மடித்து ஒளித்து வைத்திருக்கும் கவைக்கொம்பு. நன்றாக வளர்ந்த பச்சைப் புழுவின் கழுத்தில் விரலால் லேசாகத் தொடுங்கள். ஈரமான சிவப்பு நாக்கு இரண்டாகப் பிளந்து வெளியே வரும். கூடவே அழுகிய நாரத்தையும் வினிகரும் கலந்த ஒரு நெடி. சோப்புப் போட்டுக் கழுவினாலும் விரலில் கொஞ்ச நேரம் நிற்கும். எறும்பும் சிறு குளவியும் விலகுவதற்கு அது போதும். மெக்சிகோவில் மட்டும் இருக்கும் பரோனியா என்ற தனிக்கட்டை முதல் நம் மாடித் தொட்டிப் புழு வரை இந்தக் குடும்பத்துக்கே உரிய சொத்து அது.

நவம்பர் 2

இந்த இழையில் எல்லோரையும் குழப்பிக்கொண்டிருப்பது ரோமுலஸ். நேற்று ஒருவர், "எங்கள் ஊர்ப் பட்டியலில் எல்லாப் படத்துக்கும் பாலிடெஸ் ரோமுலஸ் என்று போட்டிருக்கிறார்கள், ஆணுக்குக்கூட! ஆண் எப்படி ரோமுலஸ் ஆகும்?" என்று கோபமாக எழுதியிருந்தார். பட்டியல் போட்டவர் தவறு செய்யவில்லை.

இந்தியப் பெருநிலத்திலும் இலங்கையிலும் உள்ள துணையினத்தின் (ஒரு இனத்துக்குள் வரும் வட்டாரப் பிரிவின்) பெயர் ரோமுலஸ். கிராமர் வைத்த அந்தப் பழைய இனப்பெயர் துணையினமாகத் தாழ்ந்து இன்னும் உயிரோடு இருக்கிறது. அதே சொல் பெண்ணின் ஒரு உருவத்துக்கும் புழங்குகிறது. மதுரை என்று ஒரு ஊர், அந்த ஊரில் மதுரை என்றே பெயருள்ள ஒரு ஆள், அப்படி. ஊர்க்காரர்கள் எல்லோரும் மதுரைக்காரர்கள்தான், ஆனால் மதுரை என்று கூப்பிட்டால் ஒருவர்தான் திரும்பிப் பார்ப்பார். நம் பக்கத்து ஆண், சைரஸ் பெண், ஸ்டிக்கியஸ் பெண் எல்லாம் பாலிடெஸ் ரோமுலஸ் துணையினம். ரோமுலஸ் உருவம் அவற்றில் ஒன்று.

இதிலும் ஒரு குட்டிச் சிக்கல். மரபியல் கட்டுரைகளில் ஸ்டிக்கியஸை "பாலிடெஸ் உருவம்" என்று எழுதுவார்கள். ஆக, பாலிடெஸ் இனத்தின் ரோமுலஸ் துணையினத்தில் பாலிடெஸ் உருவம் என்று ஒரு வாக்கியம் சரியாகவே எழுதலாம். எழுதியவருக்கே இரண்டாம் முறை படித்தால் தலை சுற்றும்.

துணையினத்துக்குக் கீழே வரும் உருவப் பெயர்களுக்குப் பெயரிடல் விதியில் இடமே இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். ஸ்டிக்கியஸ், சைரஸ் எல்லாம் நம் வசதிக்கு வைத்துக்கொண்டவை. துணையினம் இடத்தைப் பொறுத்தது, உருவம் மரபணுவைப் பொறுத்தது. ஒரே கிளையில் இரண்டு உருவம் உட்காரலாம். ஒரே கிளையில் இரண்டு துணையினம் உட்காராது.

நவம்பர் 3

நேற்று எழுதியதற்கு ஒரு பின்குறிப்பு. ரோமுலஸ் உருவத்துக்கும் இடத்துக்கும் தொடர்பே இல்லை என்று பொருளாகிவிடக் கூடாது. சிவப்புடல் அழகி பறக்கும் இடங்களில்தான், முக்கியமாகத் தென்னிந்தியாவிலும் இலங்கையிலும், அந்த உருவம் கண்ணில் படும். அசல் இல்லாத ஊரில் நகல் எடுபடாது. பறவைக்கு அந்தச் சிவப்பு எதையும் ஞாபகப்படுத்தாது. தெற்கே இருப்பவர்களுக்கு மூன்றையும் ஒரே தோட்டத்தில் பார்க்கக் கொடுத்துவைத்திருக்கிறது.

நவம்பர் 9

மரபணு பற்றிக் கேட்டவர்களுக்கு. நீளமாக வரும், டீ வைத்துக்கொள்ளுங்கள்.

வெள்ளைத் திட்டு, சிவப்பு ஓரம், முன்னிறக்கையின் சாம்பல் நிறம், இவ்வளவும் சேர்ந்து வந்தால்தான் வேஷம். பாதி வேஷம் போட்ட மகள் பிறந்தால் பறவை தின்றுவிடும். அப்படியானால் இத்தனை குணமும் பிரியாமல் கட்டாக எப்படித் தலைமுறை தாண்டுகிறது? ஃபிரையர் இரண்டு காரணிகளை வைத்து விளக்கினார். கிளார்க், ஷெப்பர்ட் இருவரும் 1972இல், இல்லை, குரோமோசோமில் ஒரே இடத்தின் மாற்று வடிவங்கள்தான் என்று காட்டினார்கள். ஆனால் அந்த ஒரே இடத்தில் பல மரபணுக்கள் நெருக்கமாக ஒட்டிக்கொண்டிருக்கும் என்பதுதான் அப்போதைய எண்ணம்.

2014இல் கிருஷ்ணமேக் குண்டே குழுவினர் தேடிப்போய்ப் பார்த்தபோது வந்து நின்றது டபுள்செக்ஸ். பூச்சிகளில் ஆண் ஆணாகவும் பெண் பெண்ணாகவும் வளர்வதைத் தீர்மானிக்கும் மரபணு. வேஷத்தின் சாவி அதற்குள்ளேயே இருந்தது. அடுத்த ஆண்டே ஜப்பான் குழு ஒன்றும் தனியாக அதே இடத்துக்கு வந்து சேர்ந்தது. வேஷம் போடும் வடிவத்தில், குரோமோசோமின் அந்தத் துண்டு, சுமார் 1,30,000 டி.என்.ஏ. எழுத்து நீளம், தலைகீழாகத் திரும்பிக் கிடக்கிறது. திரும்பிக் கிடப்பதால் மறுபக்கத்து நேரான துண்டோடு கலந்து உடைவதில்லை. கட்டு கலையாமல் இருப்பதற்குக் காரணம் அது.

வேஷம் போடும் வடிவம் ஓங்கியது (தாய் தந்தையில் ஒருவரிடமிருந்து வந்தாலே போதும்), ஆணைப் போன்ற வடிவம் ஒடுங்கியது (இருவரிடமிருந்தும் வந்தால்தான் தெரியும்). ஆணிடமும் இந்த மரபணு உண்டு. அவன் இறக்கையில் அது பேசாது. அதனால்தான் சைரஸ் தாய்க்கு ஸ்டிக்கியஸ் மகள் பிறக்கிறாள்: அப்பன் கறுப்பு வெள்ளையில் ஒன்றும் தெரியாதவன்போலப் பறந்துகொண்டிருப்பான், மகளுக்கு வேஷத்தைக் கொடுத்தவன் அவன்தான்.

நவம்பர் 10

டபுள்செக்ஸ் ஒன்றே எல்லாம் என்று யாரும் சண்டைக்கு வரவேண்டாம். திரும்பிக் கிடக்கும் அந்தத் துண்டின் ஓரத்தில் வேறு மரபணுக்களும் இருக்கின்றன, அவற்றுக்கும் கை உண்டு என்று ஜப்பானியர் பின்னால் காட்டியிருக்கிறார்கள். பழைய "பல மரபணுக் கட்டு" என்ற எண்ணத்தை முழுதாகத் தூக்கிப் போட வேண்டியதில்லை என்பது என் கட்சி.

நவம்பர் 16

"வேஷம் அவ்வளவு லாபம் என்றால் சைரஸ் ஏன் இன்னும் இருக்கிறாள்?" காரைக்குடித் தம்பி மறுபடி வந்துவிட்டார், இந்த முறை கேள்வி கூர்மை.

ஒரு பதில் எண்ணிக்கை. நகல் அதிகமானால் பறவைக்கு ருசியான பூச்சிகளே அதிகம் அகப்படும். சிவப்பைக் கண்டு பயப்படுவது விட்டுப்போகும். அப்போது வேஷம் போடாதவளுக்கு நஷ்டம் குறைவு. இன்னொன்று ஆண்கள். தன் இனத்துப் பெண்ணை ரோஜாவிலிருந்து பிரித்தறிய ஆணுக்கு நேரம் பிடித்தால், சைரஸுக்கு அங்கே முந்திக்கொள்ள வாய்ப்பு. எனக்கு முதலாவது அதிக நம்பிக்கை தருகிறது. இரண்டாவதை மாடியில் பார்க்க முயன்றிருக்கிறேன். ஆண் எல்லாவற்றையும்தான் துரத்துகிறது, காய்ந்த இலை விழுந்தால்கூட.

பறக்கும் விதத்திலும் வேஷம் உண்டு. கிடமுரா, இமஃபுகு என்ற இருவர் 2015இல் பறக்கும் பாதையை அளந்து பார்த்தார்கள். வேஷம் போட்ட பெண் ரோஜா அழகியைப் போலவே பறக்கிறாள், ஆணைப் போன்ற பெண் அப்படிப் பறப்பதில்லை. தோட்டத்தில் நின்று பார்த்தாலும் இது கொஞ்சம் பிடிபடும். சைரஸ் விருட்டென்று போவாள். ஸ்டிக்கியஸ், அவசரமே இல்லாதவள் மாதிரி, மிதந்து படபடத்துப் போவாள். தொட்டுப் பார்த்துக்கொள் என்கிற தோரணை. பயமுறுத்தினால் மட்டும் வேஷம் கலைந்து விருட்டென்று ஓடிவிடுவாள்.

நவம்பர் 17

"கறிவேப்பிலையை மொட்டையடிக்கிறது, என்ன மருந்து அடிக்கலாம்?" இந்த இழையில் வந்து இப்படி ஒரு கேள்வி.

மருந்து வேண்டாம், அதை நீங்கள்தான் ரசத்தில் போடப்போகிறீர்கள். சின்னப் புழு பறவை எச்சம் மாதிரி பழுப்பும் அழுக்கு வெள்ளையுமாக இலையின் மேல்புறம் வெளிப்படையாக உட்கார்ந்திருக்கும். பார்த்துப் பழகினால் எளிதில் தெரியும். பெரிய செடி இருந்தால் அதற்கு மாற்றிவிடுங்கள், ஆளுயர மரத்துக்கு ஏழெட்டுப் புழு ஒரு பொருட்டில்லை. சின்னத் தொட்டிச் செடிதான் இருக்கிறது என்றால் பக்கத்து வீட்டு எலுமிச்சைக்கு ராத்திரியில். (எங்கள் வீட்டில் அம்மாவுக்கும் எனக்கும் இதில் நிரந்தர வழக்கு. இப்போது தொட்டி இரண்டு: ஒன்று சமையலுக்கு, ஒன்று புழுவுக்கு. புழுக்களுக்கு இந்த ஏற்பாடு தெரியாது.)

டிசம்பர் 4

மழை விட்ட பிறகு கூட்டுப்புழுக்கள் நிறைய. ஒன்று பச்சைத் தண்டில் பச்சையாக, இன்னொன்று சுவரோரக் குச்சியில் பழுப்பாக. இதைப் படம் எடுத்துப் போட்டதும் "பச்சை ஒரு இனம், பழுப்பு ஒரு இனமா?" என்று ஒருவர் கேட்டார். இழையை முதலிலிருந்து படிக்கவும்.

நிறம் உட்காரும் இடத்தைப் பொறுத்தது, வம்சத்தைப் பொறுத்தது அல்ல. பழுப்பில் ஒன்று வெளியே வரவேயில்லை. பக்கத்தில் ஊசி முனையளவு ஓட்டை போட்டுக்கொண்டு, குட்டிக் குளவிகள் வரிசையாக வெளியேறின. கவைக்கொம்பு நெடி கூட்டுப்புழுவில் உதவாது.

டிசம்பர் 11

கடைசியாக வந்த கேள்வி, பிலிப்பைன்ஸில் இருப்பது பாலிடெஸா, அல்ஃபெனோர் என்ற தனி இனமா? முன்பு பாலிடெஸின் துணையினமாகத்தான் இருந்தது. 2014 ஆய்விலும் அந்தப் பெயரில்தான் வந்தது. இப்போது பலர் தனி இனமாக எழுதுகிறார்கள். எனக்கு அதில் ஆட்சேபணை இல்லை, தீவுக் கூட்டம் நெடுங்காலம் பிரிந்திருந்தால் அப்படித்தான் ஆகும். பாலிடெஸ் உட்பட ஒரு கூட்டத்தையே பாப்பிலியோவிலிருந்து பிரித்து மெனலைடெஸ் என்று தனிப் பேரினமாக்க வேண்டும் என்பவர்களிடம்தான் எனக்கு ஒட்டவில்லை. மெனலைடெஸ் துணைப்பேரினமாக இருந்தாலே உறவு தெளிவாகத் தெரிகிறது. அதைத் தூக்கிப் பேரினமாக்கினால் உறவில் புதிதாக ஒன்றும் தெரியப்போவதில்லை, பட்டியல்கள்தான் மறுபடி அச்சாக வேண்டும்.

மாற்றுக் கருத்து இருப்பவர்கள் எழுதுங்கள். புழுப் படத்தோடு எழுதினால் முதலில் படிப்பேன்.